பாலத்தில் கிடந்த மேலங்கி

ஹார்லன் ஃபோல்ஸ், ஒஹாயோ
14 செப்டெம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மயூரிக்குப் பிக்கரிங் வீடு பிடித்துக்கொண்டதா? எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பேசிக்கொண்டபடி முதல் கடிதத்தை நான் எழுதுகிறேன். தொலைபேசி எடுத்தால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குச் சண்டை வருகிறது. அப்பாவின் திவசத்தன்று நடந்ததைப் போல இன்னொன்று எனக்கு வேண்டாம். கடிதத்தில் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேச முடியாது. அதுவே பெரிய காரியம்.

இது ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். கல்லூரிக்காரர் ஒரு பழைய பல் வைத்தியசாலைக்கு மேலே அறை தந்திருக்கிறார்கள். ஆறு வருடத்தில் எனக்கு இது நான்காவது ஊர். பெட்டியை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. பின்னேரங்களில் அறைக்குள் இருக்க முடியாமல் ஆற்றோரம் நடக்கிறேன். திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே மறுபடி இறங்கி நடக்கிறேன்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் நீங்கள் "படம் பாக்கிற வேலை" என்று சொல்வீர்கள். கிட்டத்தட்ட அதுதான். இந்த மாநிலத்தின் நூற்றைம்பது வருட ஓவிய வரலாற்றைக் கல்லூரி ஒரு பெரிய புத்தகமாகப் போடுகிறது. பெண்களைப் பற்றிய அத்தியாயங்கள் என்னுடையவை. சின்சினாட்டியில் மட்பாண்டங்களின்மேல் பூ வரைந்தவர்கள், கிளீவ்லாந்தின் இரும்பாலைப் புகையை நீர்வர்ணத்தில் தீட்டியவர்கள் என்று பலர். முப்பதுகளின் பஞ்சகாலத்தில் ஓவியர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசாங்கம் சிறிய ஊர்களின் தபாற்கந்தோர்ச் சுவர்களில் படம் வரைவித்தது. இந்த ஊரிலும் ஒன்று இருக்கிறது. தக்காளியைத் தகரத்தில் அடைக்கும் ஆலையில் ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆறு பேருக்கு முகம் இருக்கிறது. ஏழாமவள் திறந்த கதவுப் பக்கம் திரும்பி நிற்கிறாள். வரைந்தவர் ஐரீன் ஷெல்பி, 1938.

மூன்று வருடம் கழித்து ஒரு மார்ச் மாதக் காலையில் ஐரீனின் மேலங்கி ஆற்றுப் பாலத்தில் மடித்து வைத்தபடி கிடந்தது. உடல் கிடைக்கவில்லை. அப்போது வயது முப்பத்திரண்டு. கணவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஆறு வயதில் ஒரு மகள். அந்த மகள், பெற்றி, இன்னும் இதே ஊரில் இருக்கிறார். எண்பத்தெட்டு வயது. அடுத்த மாதம் என்னைச் சந்திக்கச் சம்மதித்திருக்கிறார்.

பதில் எழுதுங்கள். நீங்கள் எழுதுவீர்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

அன்புடன்,
கௌசி


ரூஜ், ஸ்காபரோ
2 ஒக்டோபர் 2023

அன்பின் கௌசி,

உன் கடிதம் வந்தது. நாங்கள் எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மிளகாய்த்தூள் முடிந்தால் சொல், அனுப்பிவிடுகிறேன்.

அத்தானுக்கு ஜனவரியில் முழங்கால் சத்திரசிகிச்சை என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரைக்கும் மாடிப்படி ஏறும்போதெல்லாம் வீடு முழுக்கக் கேட்கும்படி முனகுவார். மகளுக்குப் புது வீடு பிடித்திருக்கிறது, ரயிலில் வேலைக்குப் போய் வரும் நேரம்தான் பிடிக்கவில்லை. எங்கள் முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். இப்போது எனக்கு மட்டும் பதினொரு பேர். குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து முடிய இடுப்பு விட்டுப்போகிறது.

உன் கடிதத்தை வேலைத்தலத்தில் இடைவேளையில் இரண்டு தரம் வாசித்தேன். அந்த ஐரீன் தன் படங்களில் எப்படிக் கையெழுத்து வைப்பார்? சும்மாதான் கேட்கிறேன். ஒரு படத்தை இன்னார்தான் வரைந்தது என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள.

குளிர் தொடங்குகிறது. காதை மூடிக்கொண்டு நட.

அன்புடன்,
அக்கா


ஹார்லன் ஃபோல்ஸ்
19 ஒக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நான் கனடாவுக்கு வந்து இருபத்து நான்கு வருடத்தில் என் படிப்பையோ வேலையையோ பற்றி நீங்கள் கேட்ட முதல் கேள்வி இது. சந்தோஷத்தில் கடிதத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டுத் தேநீர் குடித்தேன்.

ஐரீன் முழுப்பெயர் எழுதுவதில்லை. ஐ, எஸ் என்று இரண்டே ஆங்கில எழுத்து. எஸ் எழுத்தின் வாலை நீட்டி, அதை ஒரு தக்காளி இலையாக முடித்துவிடுவார். வலது பக்கக் கீழ் மூலையில், கைவிரல் நகத்தளவு இருக்கும். வேறு யாரும் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

பெற்றியைச் சந்தித்தேன். ஒடுங்கிய தேகம், உரத்த குரல். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் தூரத்தில். பள்ளிக்கூடத்தால் வந்தபோது அப்பா மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்ததை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். பிறகு, "அவ தண்ணிக்குள்ள போனவ எண்டால் என்னால மன்னிக்க ஏலும். எங்கையோ போய் உயிரோட இருந்தவ எண்டால் எனக்குத் தெரியவே வேண்டாம்" என்றார்.

எனக்கு அது விளங்கியது. யாரோ ஒருவருடைய கடிதத்துக்காக வாசற் படலையில் நின்று பார்க்கும் பிள்ளையைப் பற்றி நான் ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. அதற்குமேல் எழுதினால் திவசத்தன்று விட்ட இடத்தில் மறுபடி தொடங்கிவிடுவோம்.

அத்தானை முனகட்டும் என்று விடுங்கள்.

அன்புடன்,
கௌசி


ரூஜ்
9 நவம்பர் 2023

அன்பின் கௌசி,

நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும். பதில் பிந்திவிட்டது. காருக்குக் குளிர்கால ரயர் மாற்றப் போனோம், பிறகு தீபாவளிப் பலகாரம் என்று நாள் ஓடிவிட்டது. உனக்கும் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். பயற்றம் பணியாரம் உடைந்திருந்தாலும் சாப்பிடு.

இந்த நாட்களில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தேநீரை ஊற்றி வைத்துவிட்டு மறந்துபோகிறேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது, இரண்டு தரம். அத்தான் "வயசு போகுது உமக்கு" என்கிறார்.

அந்தப் பெற்றியின் உடம்பு எப்படி? தனியாகச் சமைக்கிறாவா? விழுந்தால் தூக்க ஆளிருக்கா? அவவுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லையா?

இதை இரண்டு நாளாக எழுதுகிறேன். இவ்வளவுதான் வருகிறது.

அன்புடன்,
அக்கா


ஹார்லன் ஃபோல்ஸ்
27 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

பலகாரம் வந்தது, நன்றி. பணியாரத்தைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டேன். பெற்றிக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. உடம்பு வைரம்.

அக்கா, அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து விளங்காவிட்டால் மன்னியுங்கள். ஐரீனுக்கு ஓவியம் படிப்பித்தவர் ஒருவர் கிளீவ்லாந்தில் இருந்தார். அவருடைய கடிதக் கட்டுகளைப் பார்க்கப் போன கிழமை போனேன். அதற்குள் ஓர் அஞ்சலட்டை. "சுகமாக இருக்கிறேன். இங்கே கிடைக்கும் சிவப்பு நல்லதில்லை." அவ்வளவுதான். பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த இலை. தபால் முத்திரை ரொறன்ரோ, 1951.

மூழ்கிப் பத்து வருடத்துக்குப் பிறகு!

முதலில் அறைக்குள் துள்ளினேன். பிறகு கோபம் வந்தது. வாத்தியாருக்கு வர்ணத்தைப் பற்றி எழுத நேரம் இருந்திருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத இருக்கவில்லை.

நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். ரொறன்ரோப் பெரிய நூலகத்தில் ஐம்பதுகளின் பத்திரிகைகள் இருக்கின்றன. ஓவியக் கண்காட்சிச் செய்திகளில் ஐரீன் என்றோ ஷெல்பி என்றோ பெயர் வருகிறதா என்று ஒரு நாள் போய்ப் பார்க்க முடியுமா? என்னால் இந்தக் கல்லூரித் தவணை முடியும்வரை இங்கிருந்து அசைய முடியாது. மார்ச் பதினைந்தாம் திகதி புத்தகம் அச்சுக்குப் போகிறது. என் அத்தியாயத்தில் அவர் இன்னும் ஆற்றுக்குள்தான் கிடக்கிறார்.

உடனே எழுதுங்கள்.

கௌசி


ரூஜ்
10 ஜனவரி 2024

அன்பின் கௌசி,

புது வருடம் உனக்கு நல்லபடி அமையட்டும். நாங்கள் நலம். அத்தானுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். படி ஏற முடியாததால் கீழே சோபாவில் படுக்கை.

நூலகத்துக்குப் போக முடியவில்லை. பனி, வேலை, பிறகு ஆசுபத்திரி. இனியும் முடியுமென்று தோன்றவில்லை.

நீ ஏன் அதைத் தேடுகிறாய்? பெற்றி தனக்குத் தெரிய வேண்டாம் என்றுதானே சொன்னா? எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்கத்தான் வேண்டுமா? விட்டுவிடு, பிள்ளை.

அன்புடன்,
அக்கா


ஹார்லன் ஃபோல்ஸ்
22 ஜனவரி 2024

அக்கா,

அத்தான் விரைவில் எழுந்து நடக்கட்டும். நான் உயிரோடு இருக்கிறேன்.

ஒரு கடிதத்துக்கு ஆறு கிழமை காத்திருந்தேன். வந்தது "விட்டுவிடு." இந்த வார்த்தையை நீங்கள் எனக்கு முன்பும் ஒருதரம் சொல்லியிருக்கிறீர்கள். 1993இல் நீங்கள் கனடாவுக்குப் போன பிறகு நாலு வருடம் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று திவசத்தன்று கேட்டேன். "அது தபால் போகாத காலம், விட்டுவிடு" என்றீர்கள்.

அந்த நாலு வருடமும் நீங்கள் செத்துப்போனீர்கள் என்றே நினைத்திருந்தேன். 95இல் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. புத்தகப் பையில் உங்கள் படம் ஒன்றை வைத்துக்கொண்டு நடந்தேன், கும்பிடுவதற்கு.

நூலகத்துக்கு வேறு ஆளைப் பிடித்துக்கொள்கிறேன்.

கௌசி


ரூஜ்
11 பெப்ரவரி 2024

அன்பின் கௌசி,

அத்தான் கைத்தடி பிடித்து நடக்கிறார். நானும் நலம். இனி எழுதப்போவதை ஓரிடத்தில் இருந்து வாசி.

நூலகத்துக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். ஐரீன் ஷெல்பி மூழ்கவில்லை. 1988இல் இங்கே ஸ்காபரோவில், எழுபத்தொன்பது வயதில் இறந்தார். அவருடைய மகன் எங்கள் இல்லத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறார். பெயர் றொனால்ட். எழுபத்தெட்டு வயது, பார்க்கின்சன் நோய். மூன்று வருடமாக அவருக்கு முகம் வழித்துவிடுவது நான்தான்.

அவருடைய கட்டிலுக்கு மேலே ஒரு படம் தொங்குகிறது. இங்கத்தைய ஏரிக்கரை வெண்பாறையும் தண்ணீரும். தாய் ஒஹாயோக்காரி, படம் வரைகிறவர் என்று முந்தி ஒருதரம் சொல்லியிருந்தார். உன் முதல் கடிதத்தை வாசித்தபோது அது நினைவு வந்ததால்தான் கையெழுத்தைக் கேட்டேன். உன் பதில் வந்த அன்று போய்ப் பார்த்தேன். மூன்று வருடமாக நான் தூசி தட்டுகிற சட்டம், கௌசி. அந்த இலை அங்கே இருந்தது.

"உங்கட அம்மாவின்ரை பேர் ஐரீன் ஷெல்பியோ?" என்று கேட்டேன். அவர் முகம் சவர்க்கார நுரைக்குள் வெளுத்துப்போனது.

"அந்தப் பேர் உமக்கெப்பிடித் தெரியும்?"

சொன்னேன். முகத்து நுரையைத் துடைத்துவிட்டு அவரும் சொன்னார். யாரும் தேடக்கூடாது என்றுதான் மேலங்கியைப் பாலத்தில் வைத்தாராம். பஸ் பிடித்து எல்லை தாண்டி இங்கே வந்து, போர்க்காலக் குண்டுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். றொனால்டின் தகப்பனைச் சந்தித்தது அங்கேதான். "அங்கை ஒரு சின்னப்பிள்ளையை விட்டிட்டு வந்தவ. சாகேக்கைதான் எனக்குச் சொன்னவ. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ. நீரும் சொல்லக்கூடாது" என்றார். நானும் சத்தியம் பண்ணினேன். இல்லத்தில் இருப்பவர்களின் கதையை வெளியே கொண்டுபோகக்கூடாது என்பது எங்கள் வேலைச் சட்டமும்கூட. பெற்றி தனக்குத் தெரியவே வேண்டாம் என்று சொன்னதும் அதே கடிதத்தில்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியிருந்தார்கள். நடுவில் நான் நின்றேன்.

உன் கடைசிக் கடிதம் வந்த பிறகு நித்திரை இல்லை. போன கிழமை றொனால்டிடம் சொன்னேன், "அந்தப் பிள்ளை உயிரோட இருக்கிறா. பேர் பெற்றி" என்று. இரண்டு நாள் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் நான் முகம் வழிக்கும்போது, "அவவுக்கு என்னைத் தெரியுமோ?" என்றார்.

"தெரியாது."

"அப்ப சொல்லும்."

"சத்தியம்?"

"சத்தியம் வாங்கினவ செத்து முப்பத்தஞ்சு வரியம். நாங்கள் ரெண்டு பேரும் இன்னும் இருக்கிறம்."

இனி நீ கேட்டது.

தபால் போகவில்லை என்று இத்தனை காலமும் சொன்னேன். தபால் போனது. அத்தான் தன் அம்மாவுக்குப் போட்ட கடிதங்கள் இரண்டு மாதம் பிந்தியாவது போய்ச் சேர்ந்தன. என்னிடம் கடதாசி இருந்தது, விலாசம் இருந்தது. நான் எழுதவில்லை.

அம்மா சாகும்போது உனக்கு நாலு வயது, எனக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து ஏழு வருடம் உனக்குத் தலை இழுத்து, சோறு தீத்தி, காய்ச்சலுக்கு முழித்திருந்து... அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ரொறன்ரோவில் முதல்நாட் காலை ஒரு நிலக்கீழ் அறையில் கண் விழித்தேன். யாருக்கும் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. பத்து மணிவரைக்கும் படுத்துக் கிடந்தேன். பிறகு எழும்பி இருந்து சிரித்தேன். தனியாக இருந்து சிரித்தேன், கௌசி. அதை உனக்கு எப்படி எழுதுவது? ஒவ்வொரு தரமும் "நான் சுகம்" என்று தொடங்குவேன். அது பொய்யில்லை, உண்மையாகவே சுகமாகத்தான் இருந்தேன். அந்த வெட்கத்தில் கடதாசியைக் கிழித்துவிடுவேன். ஊர் இடம்பெயர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு, இனி எந்த முகத்தோடு எழுதுவது என்று இன்னும் இரண்டு வருடம் போனது.

நீ என் படத்தைப் பையில் வைத்து நடந்தது எனக்குத் தெரியாது. நீ முந்திச் சொல்லவில்லை.

அக்கா


ஹார்லன் ஃபோல்ஸ்
20 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமா என்று எனக்கே தெரியவில்லை. நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மூன்று நாள் பாலத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். ஒக்டோபரிலேயே உங்களுக்குத் தெரியும். நான் என்ன எழுதுகிறேன் என்று வாசித்துக்கொண்டே பணியாரம் அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. எழுதியே ஆகவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பதிப்பாசிரியரிடம் அத்தியாயம் பிழை என்று சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அப்படியானால் அவர் எங்கள் ஓவியரே இல்லை. மிச்சக்காலம் கனடாவில் அல்லவா வரைந்திருக்கிறார்?" என்றார். இந்த மாநிலத்து ஓவியர்களில் பாதிப்பேர் இதைவிட்டுப் போனவர்கள். போனவர்களை எல்லாம் வெட்டினால் உங்கள் புத்தகம் பள்ளிக்கூடக் கொப்பி அளவுதான் மிஞ்சும் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மூன்று மாத அவகாசம் தந்திருக்கிறார்.

பிறகு பெற்றியிடம் போனேன். "ஒரு விசயம் தெரிஞ்சிருக்கு. வேண்டாமெண்டு சொன்னால் இப்பவே எழும்பிப் போயிடுவன்" என்றேன். அவர் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"எத்தினை வயசில செத்தவ?"

"எழுபத்தொன்பது."

விரல் விட்டு எண்ணினார். "அப்ப நான் கலியாணம் கட்டேக்கை இருந்திருக்கிறா. என்ரை மூண்டு பிள்ளையளும் பிறக்கேக்கை இருந்திருக்கிறா."

"தெரிய வேண்டாமெண்டு சொன்னனீங்கள்..."

"அது தெரியாமல் இருக்கேக்கை சொன்னது."

தம்பி ஒருவர் இருக்கிறார் என்றும் சொன்னேன். பெற்றி யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அழவில்லை. நான் விடைபெற எழும்பியபோது கையைப் பிடித்து நிறுத்தி, "அந்தப் பொடியனை நல்லாப் பாத்தவவோ? கேட்டுச் சொல்லும்" என்றார்.

கேட்டுச் சொல்லுங்கள், அக்கா. உங்கள் கடிதத்தின் மற்றப் பகுதிக்குப் பிறகு எழுதுகிறேன்.

கௌசி


ரூஜ்
4 ஏப்ரல் 2024

அன்பின் கௌசி,

எல்லோரும் நலம். அத்தான் கைத்தடியை எறிந்துவிட்டார். உன் கோபம் நியாயம். அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கேள்வியை றொனால்டிடம் சொன்னேன். "உடன சொல்ல ஏலாது" என்றார். இரண்டு நாள் யோசித்தார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லி, ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.

தன்னைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரத் தாய் மறந்துபோவாராம். சூப் அடிப்பிடித்து வீடு மணக்கும்வரை பின்கொட்டிலில் நின்று வரைவாராம். சாப்பாட்டு மேசையில் பாதியில் எழும்பி ஏரிக்கரைக்கு நடந்துவிடுவார். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது எப்போதும் தகப்பன்தான். தனக்கு அம்மை வந்து படுத்திருந்த மூன்று கிழமை மட்டும், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் முழுக்கக் குதிரைகள் வரைந்து கொடுத்தாராம். பிறகு வீட்டை விற்கும்போது அதற்குமேல் வெள்ளை அடித்துவிட்டார்கள்.

முடிவில், "அவவுக்கு இதை எழுதும். அம்மா என்னோடையும் முழுசா இருக்கேல்லை" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அப்படியே எழுதியிருக்கிறேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அன்புடன்,
அக்கா


ஹார்லன் ஃபோல்ஸ்
22 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தரம் பொய் இல்லை.

றொனால்ட் சொன்னதைப் பெற்றிக்கு வாசித்துக் காட்டினேன். சூப் அடிப்பிடித்த இடத்தில் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். கடைசி வரியில் சிரிப்பு நின்றது. "திரும்ப வாசியும்" என்றார். திரும்ப வாசித்தேன். "பாவம் பொடியன்" என்றார், எழுபத்தெட்டு வயது ஆளை.

மறுநாள் காலையில் என் அறைக் கதவடியில் நின்றார். வாழ்க்கையில் முதன்முதலாகக் கடவுச்சீட்டு எடுக்கப் போகிறாராம், படம் பிடிக்க நான் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். படம் பிடிக்கிறவன் சிரிக்க வேண்டாம் என்று நாலு தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஜூன் முதலாம் திகதி காரில் புறப்பட்டு பஃபலோ வழியாக வருகிறோம். நாலு நாள் உங்கள் வீட்டில் இருப்போம். அவருக்குக் கீழ் அறையைக் கொடுங்கள்.

இனி என்னுடையது. றொனால்டின் பதிலை வாசித்தபோது எனக்குப் பெற்றிமேல் பொறாமையாக இருந்தது. 99இல் நான் கனடாவில் வந்திறங்கியபோது மயூரிக்கு மூன்று வயது. நீங்கள் அவளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தீர்கள், ஒவ்வொரு வாய்க்கும் கதையில் ஒவ்வொரு துண்டாக. அது எனக்குச் சொன்ன கதை. ஒரு சொல் மாறவில்லை. அவளுக்கும் நீங்கள் அரைகுறைத் தாயாக இருந்திருந்தால் உங்களை எப்போதோ மன்னித்திருப்பேன். அவளோடு முழுதாக இருந்தீர்கள். ஆகவே உங்களால் முடியாதது இல்லை, என்னோடுதான் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருடமும் ஊர் ஊராக மாறியிருக்கிறேன்.

திரும்பவும் கனடாவுக்குப் புறப்பட்ட அந்த விமான நிலையத்தில், இருபத்தாறு வயதில் நின்றால் என்ன செய்வீர்கள்? எனக்கு நல்ல பதில் வேண்டாம். உண்மையான பதில் வேண்டும்.

அன்புடன்,
கௌசி


ரூஜ்
12 ஜூன் 2024

அன்பின் கௌசி,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து நிம்மதி. பெற்றியின் கால் வீக்கம் வற்றியதா? உப்பைக் குறைக்கச் சொல். இங்கே நாங்கள் நலம்.

அன்று நீ காரை நிறுத்தப் போயிருந்தாய். றொனால்டின் அறைக் கதவடியில் நின்றது நான்தான். அந்த முதல் ஐந்து நிமிடத்தை உனக்கு எழுத வேண்டும், உன் புத்தகத்துக்கு இல்லாவிட்டாலும்.

அவருக்கு அன்று புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தேன். பெற்றி உள்ளே போய் நின்றா. அவரைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தா. எனக்குப் பயமாகிவிட்டது, திரும்பிப் போய்விடுவாவோ என்று. கிட்டப்போய், இலையை விரலால் தொட்டா. பிறகு சொன்னா, "தண்ணிக்கு நீலம் கூடிப்போச்சு."

"நானும் அதைத்தான் சொன்னனான்" என்றார் றொனால்ட். "அடி வாங்கினனான்."

பெற்றி கட்டிலில் இருந்துவிட்டா. அவருடைய கை எப்போதும்போல நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கவில்லை. தன் கையை அதற்குப் பக்கத்தில், போர்வைமேல் வைத்தா. அப்போதுதான் நீ வந்தாய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவ அழைப்பு எடுக்கிறா. றொனால்ட் அன்றைக்கு முகத்தை விடிய வெள்ளனவே வழித்துவிடச் சொல்கிறார். ஐரீன் மிஞ்சவைத்த படங்களில் இன்னும் மூன்று ஓர் அயலவர் வீட்டில் இருக்கின்றனவாம். விலாசத்தை மற்றத் தாளில் எழுதியிருக்கிறேன். உன் பதிப்பாசிரியர் ஐரீனைத் தங்கள் ஓவியர் என்று ஒத்துக்கொண்டாரா?

நாலு நாள் என் வீட்டில் இருந்தாய். இடியப்பம், சொதி, பெற்றியின் மருந்து, எந்த நெடுஞ்சாலையில் நெரிசல் குறைவு என்பதைத் தவிர நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை. நீ கோப்பை கழுவ நான் துடைத்தேன். இரண்டு தரம் நீ திரும்பிப் பார்த்தாய். நீ கேட்க வேண்டியதை முந்தியே கேட்டுவிட்டாய், நான்தான் சொல்லவில்லை. வாயால் சொல்ல எனக்கு வராது.

உனக்குப் பிடிக்கும்படி ஒரு பதில் எழுதப் பல நாள் முயன்றேன். மூன்று தாளைக் கிழித்தேன். உண்மை வேண்டும் என்றாய்.

கௌசி, திரும்பவும் அங்கே நின்றாலும் நான் போவேன். போவேன். ஆனால் போய் இறங்கிய முதல் கிழமையே உனக்கு எழுதுவேன், எப்படி இருந்ததோ அப்படியே. நீ கோபித்திருப்பாய். கோபித்து எனக்கொரு பதில் போட்டிருப்பாய்.

உன்,
அக்கா